வரனுக்காக எப்படி ஜெபிப்பது?

கேட்டிருப்பவர் மாயவரம் பக்கத்து லுத்தரன் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி. வயது 31, தனியார் பள்ளி ஆசிரியை. வீட்டில் நான்கு வருடமாக வரன் பார்க்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தும் அம்மா வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறார். கல்யாணம் அமைந்தால் மகள் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருவாள், வெள்ளியில் தாலி செய்து வைப்பாள் என்று ஒரு பொருத்தனையும் (நேர்த்திக்கடன்) செய்திருக்கிறார். வருடப் பிறப்பு ஆராதனையில் ஒவ்வொருவருக்கும் அட்டையில் கொடுக்கிற வாக்குத்தத்த வசனமாக இவருக்கு வந்தது ஏசாயா 34:16. "டிசம்பருக்குள் முடியும்" என்று ஓர் ஊழியக்காரர் தலையில் கை வைத்துச் சொன்னார். அந்த டிசம்பரும் போய்விட்டது. "நான் தப்பாக ஜெபிக்கிறேனா? ஜெபித்துவிட்டுக் காத்திருந்தால் போதுமா, நாங்களே தேடவும் வேண்டுமா? ஒருவேளை எனக்கு இல்லை என்பதுதான் பதிலா?" என்பது கேள்வி. கல்யாண நாளை எப்போது வைப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் தப்பாக ஜெபிக்கவில்லை. ஆனால் உங்கள் ஜெபத்தைச் சுற்றிப் பல சுமைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக இறக்கி வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த வசனம். "இவைகளில் ஒன்றும் குறையாது; இவைகளில் ஒன்றும் ஜோடில்லாதிராது" என்பதைத் தமிழ்ச் சபைகளில் கல்யாண வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வேதாகமத்தைத் திறந்து ஏசாயா 34-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். அது ஏதோம் தேசம் பாழாய்ப் போவதைப் பற்றியது. மனிதர் இல்லாமல் போன அந்த இடத்தில் வல்லூறும் மற்றக் காட்டு உயிர்களும் வந்து குடியேறும், அவற்றில் ஒன்றும் ஜோடி இல்லாமல் இருக்காது என்கிறது வசனம். மணமகன் பேச்சே அங்கே இல்லை. அட்டையில் தனியாக அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டதால், தேவன் உங்களிடம் தேதி குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாறிவிட்டதுபோல் உங்களுக்குத் தோன்றுகிறது. அவர் அந்த வசனத்தில் உங்களுக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே அதை மீறவும் இல்லை.

நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11-உம் இப்படித்தான் அட்டையில் வரும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. அதற்கு முந்தைய வசனம், அவர்கள் திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று சொல்கிறது. அதே கடிதத்தின் 5, 6-ஆம் வசனங்கள் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணி வையுங்கள் என்கின்றன. நல்ல முடிவு வரும் என்று சொன்ன தேவனே, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம் என்றும் சொல்கிறார். காத்திருப்பதா, தேடுவதா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

அந்த டிசம்பர் வார்த்தையைப் பற்றி நீங்கள் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். "விசுவாசக் குறைவால்தான் நிறைவேறவில்லை" என்று யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். உபாகமம் 18:22 இதற்கு நேராகவே பதில் தருகிறது. சொன்ன காரியம் நடவாமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. சொன்னவன் துணிகரத்தினால் சொன்னான். அவனுக்குப் பயப்பட வேண்டாம். குற்றம் சொன்னவருடையது. கேட்டவர் தலையில் அதை வைக்க வேதத்தில் இடமே இல்லை. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுல்தான் அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரையோ மாதத்தையோ சொல்லி, கூடவே காணிக்கைக் கவரையும் நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் மறுபடி போகாதீர்கள். சீட்டு எழுதிப் பலிபீடத்தில் வைத்து எடுப்பது, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பிடிப்பது, ரகசியமாகக் கட்டம் பார்ப்பது எல்லாம் இதே வகைதான். யோசித்து முடிவெடுக்க வேண்டிய பொறுப்பை வேறு எதன்மேலாவது இறக்கி வைக்கிற முயற்சி அது.

அப்படியானால் அடையாளமே கேட்கக் கூடாதா என்றால், ஆதியாகமம் 24-ஐ நிதானமாகப் படிக்க வேண்டும். வரனுக்காகச் செய்யப்பட்ட ஜெபம் வேதத்தில் இவ்வளவு விவரமாக வருவது அங்கேதான். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி, அவருடைய ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு நாகோருடைய ஊருக்கு வெளியே, பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் சாயங்கால நேரத்தில் துரவண்டை (கிணற்றருகே) நிற்கிறான். ஜெபிக்கிறதற்கு முன்பே அவன் நெடுந்தூரம் பிரயாணம் பண்ணி, சரியான ஊருக்கு, சரியான இடத்துக்கு, சரியான வேளையில் வந்துவிட்டான் என்பதைக் கவனியுங்கள். பிறகு கேட்கிறான்: எனக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று எந்தப் பெண் சொல்லுகிறாளோ அவளே.

இது பச்சைப் புடவை கட்டி வருகிறவள் என்பதுபோன்ற அடையாளம் இல்லை. தாகத்தோடு வந்த ஓர் ஒட்டகம் நூறு லிட்டர் வரை குடிக்கும். ஐம்பது என்றே வைத்துக்கொண்டாலும் பத்துக்கு ஐந்நூறு லிட்டர். பன்னிரண்டு லிட்டர் பிடிக்கிற குடம் என்றால் நாற்பது நடைக்கு மேல், ஒவ்வொரு முறையும் துரவில் இறங்கி ஏற வேண்டும். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக, கேட்காமலே இதைச் செய்கிறவளிடம் என்ன குணம் இருக்கும் என்று அந்த ஊழியக்காரனுக்குத் தெரியும். அவன் கேட்ட அடையாளமே ஒரு குணப் பரீட்சை.

ஜெபித்து முடிக்குமுன்னே ரெபெக்காள் வந்துவிடுகிறாள், கேட்டபடியே செய்கிறாள். ஆனாலும் அவன் குதிக்கவில்லை. கர்த்தர் தன் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறியும்படி "மவுனமாயிருந்தான்" என்கிறது 21-ஆம் வசனம். பிறகு, நீ யாருடைய மகள் என்று விசாரிக்கிறான். வீட்டுக்குப் போய், சாப்பாட்டில் கை வைக்குமுன் வந்த காரியத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறான். கடைசியில் வீட்டார் சொல்கிறார்கள்: "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்." அவளைக் கேட்கிறார்கள், போகிறேன் என்று அவளே சொல்கிறாள். அடையாளம் அப்படியே நிறைவேறின பிறகும் விசாரணை உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, பெண்ணின் சம்மதம் உண்டு. நம் வீடுகளில் ஜெபத்தில் தெளிவு வந்துவிட்டது என்று சொல்லி இந்த மூன்றையும் தாண்டிவிடுகிறோம். பிற்பாடு வருகிற கண்ணீரில் பெரும்பங்கு அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

ஆகவே அடையாளம் கேட்பதானால் குணத்தைக் காட்டுகிற அடையாளத்தைக் கேளுங்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் தண்ணீர் கொண்டு வைத்த பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசினார்? உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா? தன் அம்மா சொன்னதை மறுக்க வேண்டிய இடத்தில் மரியாதையோடு மறுத்தாரா, வாய் மூடினாரா? "இவற்றைக் கவனிக்க எனக்குக் கண் தாரும்" என்று முந்தின இரவே ஜெபித்து வையுங்கள்.

அடுத்தது கொஞ்சம் வலிக்கும். ஒரு நோட்டை எடுத்து, உங்கள் வீட்டில் இருக்கிற எல்லா நிபந்தனைகளையும் எழுதுங்கள். நீங்கள் ஜெபத்தில் சொல்கிறவை மட்டும் போதாது. அப்பா தரகரிடம் சொல்கிறவை, பெரியப்பா தலையை ஆட்டாமல் விட்டவை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தவை, எல்லாம் வர வேண்டும். பயோடேட்டாவில் "கி" (கிறிஸ்தவர்) போட்டுப் பக்கத்தில் எழுதுகிற சாதிப் பெயரும் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியையும் கோயிலில் பலிபீடத்துக்கு முன் நின்று தேவனிடம் சத்தமாகக் கேட்க முடியுமா என்று பாருங்கள். "ஆண்டவரே, குடிக்காதவராகத் தாரும்" என்று கூசாமல் கேட்கலாம். "உம்மை உண்மையாய்த் தேடுகிறவராகத் தாரும்", "என் வேலையை விடச் சொல்லாதவராகத் தாரும்" என்றும் கேட்கலாம். "ஆண்டவரே, நம்ம சாதியில் தாரும்" என்று கேட்க நாக்கு எழும்புகிறதா? எழும்பவில்லை என்றால், அந்த நிபந்தனையை நாம் தேவனிடம் கொண்டுபோகாமலே தீர்மானித்து வைத்திருக்கிறோம் என்று பொருள். ஒரு கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திறக்கவில்லையே என்று அவரிடமே அழுகிறோம்.

இது நம் மண்ணில் பழைய நோய். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு போக வேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூர் சபையில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்துவைப் பாடினவர்களே எதிர்த்து நின்றார்கள். ஏறத்தாழ இருநூறு வருடத்துக்குப் பிறகு ஒரே பந்தியில் நற்கருணை எடுக்கிறோம். சம்பந்தம் பேசும்போது மட்டும் பிரிந்து உட்காருகிறோம். உங்கள் பெற்றோரோடு சண்டை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு வரியை வைத்து அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள் என்கிறேன். சேர்ந்து ஜெபிக்க அவர்கள் மறுத்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பவுன் கணக்கும் அதே நோட்டில் வரட்டும். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் வாங்குவதைப்போலக் கொடுப்பதும் குற்றம். ஐந்து வருடத்துக்குக் குறையாத சிறை என்கிறது சட்டம். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் கேட்பதுதான். அதைச் சொன்ன வீட்டில் அன்று இரவு குடும்ப ஜெபம் நடந்தாலும் கேட்டது கேட்டதுதான்.

நிபந்தனைகளை எழுதி முடித்ததும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு வருடத்தில் எத்தனை வரன் வந்தது, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது? போட்டோவிலா, பவுன் பேச்சிலா, நேரில் பார்த்த பிறகா, நீங்கள் வேண்டாம் என்றா, அப்பா வேண்டாம் என்றா? வந்ததே நான்கு ஐந்துதான் என்றால், தேடுகிற வட்டம் சிறியது. லுத்தரன் சபையாகவே இருக்க வேண்டும், அதிலும் ஒரே சாதி, மாயவரம் சீர்காழி பொறையாறு தாண்டக் கூடாது, அரசு வேலை, உங்களைவிட மூன்று முதல் ஐந்து வயது மூத்தவர் என்று அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குள் கிடைக்காததைத் தேவனுடைய "இல்லை" என்று எடுத்துக்கொள்வது தவறு. இருபது முப்பது வந்து பவுன் பேச்சிலேயே நின்றிருந்தால் நீங்கள் தப்பிப் பிழைத்திருக்கிறீர்கள். அதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். நேரில் பார்த்த பிறகு நீங்களே திரும்பத் திரும்ப மறுத்திருந்தால், மனதுக்குள் ஒரு பயம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது அந்தப் பயம்தான் ஜெபத்தின் பொருளாக இருக்க வேண்டும், வரன் அடுத்தபடி.

இனி அன்றாட ஜெபம். பதினைந்து நிமிடம் போதும். மணிக்கணக்காக இதையே கேட்டால் ஜெபம் முழுவதும் இந்த ஒரு விஷயமாகிவிடும். பிறகு ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் மனம் புண்பட்டே எழும்பும். பிலிப்பியர் 4:6-இல் விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரமும் சேர்ந்தே வருகிறது. அன்றைக்கு நடந்த மூன்று நல்ல காரியங்களைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்கியதுகூடப் போதும். அடுத்து விண்ணப்பம், ஒரே முறை, நேரடியாக: "ஆண்டவரே, எனக்குத் துணை வேண்டும். வருகிறவரை அவர் இருக்கிறபடியே பார்க்க எனக்குக் கண் தாரும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியம் தாரும். எங்கோ இருக்கிற அவருக்கும் இன்று நல்ல புத்தி தாரும்." அதன்பிறகு வேறொருவருக்காக. உங்களைப்போலவே காத்திருக்கிற ஒரு தோழி, விவாகரத்தில் தவிக்கிற ஓர் உறவுக்காரர், யாராவது ஒருவர். முடிவில் இரண்டு நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள். மேட்ரிமோனி ஆப்பைத் திறக்கிறதற்கு முன்பும் அரை நிமிடம் ஜெபித்துவிட்டுத் திறங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அதைத் தொடாதீர்கள். களைப்பில் பார்க்கிற முகங்கள் எல்லாம் நிராகரிப்பாகவே தெரியும்.

அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லாத அவள் சீலோவில் இருந்த ஆலயத்தில் அழுது ஜெபித்து எழுந்தபோது கையில் ஒன்றும் இல்லை, பிள்ளையும் உண்டாகவில்லை. ஆனாலும் அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஜெபம் சரியாகத்தான் போகிறது என்பதற்கு நான் பார்க்கச் சொல்கிற அறிகுறி அது: எழுந்த பிறகு சாப்பிட முடிகிறதா?

அம்மாவின் உபவாசத்தை உடனே மாற்ற வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரெனத் தாழும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் இனி ஒரு வெள்ளியும் வேண்டாம். ஏசாயா 58 சொல்கிற உபவாசம், பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது. வெள்ளிக்கிழமை அம்மா நேரத்துக்குச் சாப்பிடட்டும், ஒரு படி அரிசியை இல்லாத வீட்டுக்குக் கொடுத்து அனுப்பட்டும். அதுவும் உபவாசம்தான்.

இன்னொன்றும் அம்மாவிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும். குடும்ப ஜெபத்தில் "என் பிள்ளைக்கு வயசு ஏறுதே ஆண்டவரே" என்று அவர் சத்தமாக அழுவது தேவனுக்குப் போகிறதோ இல்லையோ, பக்கத்தில் முழங்கால்படியிட்டிருக்கிற உங்கள் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. அவருக்கும் அது தெரியாது. அது தாயின் துக்கம். "அம்மா, எனக்காக நீங்கள் தனியே ஜெபியுங்கள், சேர்ந்து ஜெபிக்கும்போது மற்றதற்காக ஜெபிப்போம்" என்று கேளுங்கள். அறை வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் ஆண்டவர்தானே. வீட்டு ஜெபக்கூட்டத்தில் கொடுக்கிற ஜெபக்குறிப்பும் அப்படித்தான். எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், ஏன் போனார்கள் என்று விவரம் கொடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அடுத்த வரன் வீட்டுக்கும் போய்ச் சேரும். "எங்கள் மகளுக்காக ஜெபியுங்கள்" என்ற அளவே போதும். விவரம் சொல்ல, வாயைக் காக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும். அதில் ஒருவர் குருவானவரின் மனைவியாக இருந்தால் நல்லது. மற்றச் சபைகளில் இருக்கிற நல்ல குடும்பங்களும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேளாங்கண்ணிப் பொருத்தனையை லுத்தரன் சபைக் கண்ணால் மட்டும் பார்த்து அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை காவித் துணி கட்டி நடக்கிறவர்களில் எல்லாச் சபையாரும் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். நம் பகுதியில் அது தலைமுறை வழக்கம். எனக்கு அதில் உறுத்துவது வேறு. "கல்யாணம் நடந்தால் என் மகள் நடப்பாள்" என்று அம்மா நேர்ந்திருக்கிறார். நடக்க வேண்டியவர் நீங்கள், உங்களைக் கேட்கவில்லை. யுத்தத்தில் ஜெயித்தால் என் வீட்டிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா நேர்ந்தான், அதைச் செலுத்தினவள் அவன் மகள் என்பதை நியாயாதிபதிகள் 11 எவ்வளவு வேதனையோடு சொல்கிறது! அடுத்தவர் உடம்பைப் பணயம் வைத்து யாரும் பொருத்தனை பண்ணக் கூடாது. "நடந்தால் தருவேன்" என்பதிலும் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. அம்மாவுக்கு மனம் ஆற வேண்டுமானால், எதையும் எதிர்பார்க்காமல் இந்த வருடமே இருவரும் பேருந்தில் போய் வாருங்கள். வெள்ளித் தாலிக்கு வைத்திருந்த பணத்தில், கல்யாணத்துக்கு வழியில்லாத ஒரு ஏழைப் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்குக் கொடுங்கள். இதற்கு அம்மா சம்மதிக்க வேண்டும், பொருத்தனை அவருடையது.

வரன் வரும்போது செய்ய வேண்டியவை. சபை வேறாக இருந்தால் நிச்சயத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். கத்தோலிக்கர் என்றால் கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுக்கத் தம்மால் ஆன எல்லாம் செய்வதாக மாப்பிள்ளை வாக்களிப்பார். அந்த வாக்கு உங்களுக்கும் தெரிவிக்கப்படும். அதை ஏற்க உங்களால் முடியுமா என்று அப்போதே யோசியுங்கள். பெந்தெகொஸ்தே சபை என்றால் மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்களா என்று கேளுங்கள். ஞானஸ்நானச் சான்றும், இதற்குமுன் திருமணம் ஆகவில்லை என்ற குருவானவரின் கடிதமும் கையில் வரட்டும். கடன் எவ்வளவு, மாதம் என்ன மிச்சம், பெற்றோரோடு இருப்பதா தனியாகவா, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதா என்று நீங்களும் அவரும் நேரில் பேச வேண்டும், குறைந்தது மூன்று முறை. பெற்றோர் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கலாம், காதுக்கு எட்டுகிற தூரத்தில் வேண்டாம். சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் எந்த வகைப் பாஸ் (வேலை அனுமதி) என்று பாருங்கள்; ஒர்க் பர்மிட்டில் இருப்பவர் மனைவியை அங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. இதைக் கேட்க வெட்கப்பட்டு, கல்யாணம் முடிந்து மூன்றாம் வாரம் மாமியார் வீட்டில் தனியே விடப்பட்ட பெண்கள் டெல்டாவில் அநேகர்.

கடைசிக் கேள்வி, "எனக்கு இல்லை என்பதுதான் பதிலா?" இதை யாரும், நானும், உங்களுக்குச் சொல்ல முடியாது. வேதம் எல்லோருக்கும் கல்யாணத்தை வாக்களிக்கவில்லை. 1 கொரிந்தியர் 7-இல் பவுல் இரண்டு நிலையையும் தேவன் கொடுத்த வரம் என்கிறார். மிஷனரியான தஞ்சாவூர்ச் சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார், 1798-இல் தஞ்சாவூரில் காலமானார், கடைசி வரை மணம் முடிக்கவில்லை. சிறுவனாயிருந்த சரபோஜி அவர் பராமரிப்பில் இருந்தார். பின்னாளில் மன்னராகி, அவருக்குப் பளிங்கில் நினைவுச் சிற்பம் வைத்தார். ஆனால் இந்த உதாரணத்தை உங்கள் வாயை அடைக்க நான் கொண்டுவரவில்லை. தனியாயிருப்பது வரம் என்று மேடையில் சொல்கிற சபை, தனியாயிருக்கிற பெண்ணை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்கினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. விருப்பம் இருக்கிற வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பது அவிசுவாசம் ஆகாது.

"ராசியில்லாதவள்" என்று உங்கள் காதுபடப் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் தோபித்து என்று ஒரு நூல் உண்டு, நம் வேதாகமத்தில் இல்லை. அதில் சாரா என்ற பெண்ணுக்கு ஏழு முறை மணம் முடித்து, ஏழு கணவர்களும் முதல் இரவிலேயே இறந்துவிடுகிறார்கள். வீட்டுப் பணிப்பெண்ணே அவளைப் பழிக்கிறாள். அவள் மாடியறைக்குப் போய்ச் சாகலாமா என்று நினைக்கிறாள், தகப்பனை நினைத்து அதை விட்டுவிடுகிறாள், சன்னலை நோக்கிக் கைகளை விரித்து ஜெபிக்கிறாள். அதே வேளையில் வெகுதூரத்தில் நினிவேயில் பார்வை இழந்த ஒரு கிழவரும் அழுது ஜெபிக்கிறார். இரண்டு ஜெபமும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டன என்கிறது நூல். அந்தக் கிழவரின் மகன்தான் பிறகு அவளை மணக்கிறான். மாடியிலிருந்து இறங்கும்போது சாராவுக்கு இது எதுவும் தெரியாது. அந்த மாடியறை நினைப்பு உங்களுக்கும் எப்போதாவது வந்தால், ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

நாள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வருவது தை, மாசியில். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் விழும். லெந்து நாட்களில் கோயிலில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். ஆகவே பொங்கலுக்குப் பிறகு நிச்சயம் செய்துவிட்டு லெந்துக்கு முன் முடிக்க ஓடாதீர்கள். அந்த அவசரத்தில்தான் விசாரணை கைவிடப்படுகிறது. ஈஸ்டருக்குப் பிறகு வையுங்கள், கடன் வாங்காமல் முடிகிற அளவில் வையுங்கள். ஆடியில் கூடாது என்பது ஊர்ப் பழக்கம், சபை விதி அல்ல. திருமணம் முடிந்து 90 நாளுக்குள் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிட வேண்டும். கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு அது முடிந்துவிடாது.